கண்ணாடியைப் பார்க்காத முகம்: கிளாட் காஹூனும் அவர் போட்ட வேஷங்களும்

சுவரில் ஒரு கண்ணாடி. அதன் பக்கத்தில், ஒட்ட வெட்டிய தலைமுடியோடு ஒருவர் நிற்கிறார். கட்டம்போட்ட கோட்டு, அதன் காலரைக் கையால் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். இவர் பார்க்கவில்லை. திரும்பி நம்மைப் பார்க்கிறார். அதனால் கண்ணாடிக்குள் விழுந்த முகம் மட்டும் தனியாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரே ஆள், இரண்டு முகம், இரண்டு பார்வை. ஆணா பெண்ணா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் முடியாது.

1928 வாக்கில் எடுத்த படம் இது. படத்தில் இருப்பவர் பிரெஞ்சு எழுத்தாளரும் கலைஞருமான கிளாட் காஹூன். தன்னையே விதவிதமாக அலங்கரித்து, கேமரா முன் நிறுத்தி, ‘நான் யார், என் பால் என்ன’ என்று நாற்பது ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தவர். இன்று புகைப்பட வரலாற்றைப் பேசும்போது அவரைத் தவிர்க்க முடியாது. ஆனால் 1954இல் அவர் இறந்தபோது இந்தப் படங்கள் இருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் தெரியும்.

பெயரிலிருந்து தொடங்கலாம். 1894 அக்டோபர் 25 அன்று பிரான்ஸின் நாந்த் நகரில் பிறந்தபோது வைத்த பெயர் லூசி ஷ்வோப். வசதியான யூதக் குடும்பம். அப்பா மோரீஸ் ஷ்வோப், நாந்தில் வெளிவந்த ஒரு நாளிதழின் உரிமையாளர். சித்தப்பா மார்செல் ஷ்வோப் பேர்பெற்ற எழுத்தாளர். அம்மாவுக்கு மனநோய், மருத்துவமனையிலேயே அவருடைய காலம் கழிந்தது. குழந்தையைப் பெருமளவு வளர்த்தது அப்பாவைப் பெற்ற பாட்டி மத்தில்த் காஹூன். ட்ரேஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி மீது பொய்யாகத் தேசத்துரோகக் குற்றம் சாட்டிய வழக்கையொட்டி பிரான்ஸ் முழுக்க யூத வெறுப்பு பரவியிருந்த காலம் அது. பள்ளியில் பட்ட தொல்லையால் லூசியைக் கொஞ்ச காலம் இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். பிற்பாடு அவர் படம் ஒன்றில் ஆங்கில வாக்கியம் வருவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

‘கிளாட்’ பிரெஞ்சில் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். ‘காஹூன்’ பாட்டி வீட்டுப் பெயர். கேட்டவுடன் யூதப் பெயர் என்று தெரிந்துவிடும். முதல் உலகப்போர்க் காலத்தில் இரண்டையும் சேர்த்துத் தனக்கு வைத்துக்கொண்டார். பாலை மறைக்கிற பெயரும், பலர் மறைக்க நினைத்த பிறப்பைக் காட்டுகிற பெயரும் சேர்ந்த ஒன்று. புனைப்பெயர் நமக்குப் புதிதில்லை. ஆண்கள் பெண் பெயரில் எழுதியதை நம் வாரப் பத்திரிகைகளிலேயே படித்து வளர்ந்திருக்கிறோம். ஆனால் காஹூனுக்கு அது எழுத்துக்கு மட்டும் போட்டுக்கொண்ட பெயரில்லை, வாழ்வதற்கு எடுத்துக்கொண்ட பெயர்.

இந்த இடத்தில் மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழில் ‘நான் சந்தோஷமாக இருக்கிறேன்’ என்றால் பேசுவது ஆணா பெண்ணா என்று வாக்கியத்திலிருந்து தெரியாது. பிரெஞ்சில் அப்படித் தப்பிக்க முடியாது. சந்தோஷம் என்ற பண்புச் சொல்லே ஆண் சொன்னால் ஒரு வடிவம், பெண் சொன்னால் இன்னொரு வடிவம். தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் பத்து இடத்திலாவது பாலைச் சொல்லித் தீர வேண்டும். அப்படிப்பட்ட மொழியில் உட்கார்ந்துகொண்டு காஹூன் எழுதினார்: ஆண்பாலா, பெண்பாலா? அது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. எனக்கு எப்போதும் பொருந்துகிற ஒரே பால் நடுநிலைப்பால்தான். பிரெஞ்சுப் பெயர்ச்சொற்களுக்கு இரண்டே பால், மூன்றாவது கிடையாது. தன் மொழியில் இல்லாத இலக்கணத்தைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாடினார் காஹூன். 1930இல் இப்படி அச்சில் எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘அவள்’ என்பதா, வேறு சொல்லா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். தமிழில் ‘அவர்’ இருக்கிறது. மரியாதையும் தரும், பாலையும் சொல்லாது. நான் அதையே வைத்துக்கொள்கிறேன்.

இனி படங்கள். தன்னைப் படமெடுக்கும் பழக்கம் பதின்வயது முடியும் தறுவாயிலேயே வந்துவிட்டது. 1914 வாக்கில் எடுத்த ஒரு படத்தில் படுக்கையில் தலை மட்டும் தெரிகிறது. போர்வை கழுத்துவரை மூடியிருக்கிறது. நீளமான முடி தலையணை முழுக்க விரிந்து கிடக்கிறது. கண்கள் அகலத் திறந்து நேராகப் பார்க்கின்றன. நோயாளியும் நினைவுக்கு வருகிறார், பாம்புக்கூந்தல் கொண்ட கிரேக்கப் புராணத்து மெடூசாவும் நினைவுக்கு வருகிறாள். ஐந்தாறு ஆண்டு கழித்து அந்தக் கூந்தல் இல்லை. மொட்டை.

நமக்கு மொட்டை என்றால் பழனி, திருப்பதி, நேர்த்திக்கடன். பழைய தலைமுறையை நினைத்தால் கணவனை இழந்த பெண்களுக்கு நடந்த கொடுமை. பாரிஸில் அப்போது நிலைமையே வேறு. பெண்கள் கழுத்தளவு முடி வெட்டிக்கொண்டதற்கே வீடுகளில் சண்டை நடந்தது. போரில் ஆண்கள் பெருவாரியாகச் செத்துப் போனதால், பெண்கள் பிள்ளை பெற்றாக வேண்டும் என்று அரசு நெருக்கியது. கருத்தடை பற்றிப் பிரசாரம் செய்வதையே 1920ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. பெண்களுக்கு ஓட்டுரிமை 1944 வரை இல்லை. பாரிஸில் பெண் கால்சட்டை போட வேண்டுமானால் போலீஸ் அனுமதி வேண்டும் என்ற 1800ஆம் ஆண்டு உத்தரவு, யாரும் பெரிதாக அமல்படுத்தாவிட்டாலும், ஏட்டில் இருந்தது. அந்த நகரத்தில் ஒருவர் மழுங்கச் சிரைத்த தலையோடு, ஆண்கள் போடும் கோட்டோடு, பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து படமெடுத்துக்கொள்கிறார். அப்பா மோரீஸின் படம் ஒன்றிலும் இதே மாதிரி பக்கவாட்டுத் தோற்றம்தான். இரண்டையும் அருகருகே வைத்தால் மூக்கும் தாடையும் அப்படியே பொருந்துகின்றன. யூதர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்தவர்கள் மூக்கைத்தான் பெரிதாக்கி வரைவார்கள். அந்த மூக்கையே காஹூன் முன்னால் நிறுத்துகிறார்.

1927இல் எடுத்த பளுதூக்கும் வீரர் படங்கள்தான் இன்று அதிகம் பரவியிருப்பவை. நெற்றியில் ஒட்டிவைத்த இரண்டு சுருள்முடி, கன்னங்களில் வரைந்த இதயம், பொம்மைக்குப் பூசியதுபோல் சின்னதாகச் சாயம் பூசிய உதடு, மடியில் எடைக்கட்டை. சட்டையில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது: ‘நான் பயிற்சியில் இருக்கிறேன், முத்தமிடாதே.’ அந்தச் சட்டையிலேயே முலைக்காம்புகளும் வரைந்திருக்கின்றன. கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். இது பெண் ஒருவர் ஆண் வேஷம் கட்டிய படம் இல்லை. சர்க்கஸ் பலசாலியின் எடைக்கட்டையும் இருக்கிறது, அலங்காரப் பொம்மையின் கன்னச் சிவப்பும் இருக்கிறது. ஆண்மையின் சாமான்களும் பெண்மையின் சாமான்களும் ஒரே உடம்பில் வந்து உட்கார்ந்தவுடன், இரண்டுமே போட்டுக்கொள்கிறவைதான், கழற்றக்கூடியவைதான் என்பது தெரிந்துவிடுகிறது.

‘சாயம் வெளுத்துப்போச்சு’ என்கிறோம். வேஷம் கலைந்தால் அடியில் நிஜ முகம் இருக்கும் என்ற நம்பிக்கை அந்தச் சொலவடைக்குள் இருக்கிறது. காஹூன் அந்த நம்பிக்கையைத்தான் கேள்வி கேட்கிறார். இந்த முகமூடிக்கு அடியில் இன்னொரு முகமூடி, இந்த முகங்களையெல்லாம் தூக்கித் தூக்கி எனக்கு முடியவே போவதில்லை என்று எழுதியிருக்கிறார். இதை விரக்தி என்று படிப்பவர்கள் உண்டு. படங்களைப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1928 வாக்கில் எடுத்த ஒரு படத்தில் உடம்பெல்லாம் மூடும் அங்கி. அதன் மேல் முகமூடிகளைக் குத்திவைத்திருக்கிறார். கண்ணிலும் ஒரு முகமூடி. விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தையின் தீவிரம் அதில் இருக்கிறது. 1932ஐ ஒட்டிய இன்னொன்றில், பெரிய ரிப்பன் கட்டிய தலையோடு அலமாரித் தட்டில் சுருண்டு படுத்துத் தூங்குகிறார், யாரோ எடுத்து மடித்து வைத்த பொம்மை மாதிரி. அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

நாடகமும் இதில் சேர்ந்திருக்கிறது. 1929இல் பாரிஸில் பியேர் ஆல்பெர்-பிரோ நடத்திய சின்னப் பரிசோதனை மேடையில் காஹூன் நடித்தார். ஒன்றில் மனைவி, ஒன்றில் கனவான், ஒன்றில் சாத்தான். அந்த வேஷங்களோடும் படங்கள் இருக்கின்றன. அதற்கு முன் 1925இல் ஏவாள், யூதித், சிண்ட்ரெல்லா போன்ற பழங்கதைப் பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே மாற்றிச் சொல்வதுபோலத் தனிமொழிகள் எழுதினார். பாலினம் பற்றி ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் ஹாவ்லாக் எல்லிஸின் எழுத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 1929இல் அது வந்தது. கேமராவில் செய்ததும் எழுத்தில் செய்ததும் அவருக்கு ஒரே வேலை.

சரி, இந்தப் படங்களை எடுத்தது யார்? சுய உருவப்படம் என்று சொல்லிச் சொல்லி நாம் மறந்துவிடும் கேள்வி இது. இரண்டு கையும் படத்துக்குள்ளேயே இருக்கிறது, எட்டி நின்று எடுத்த படம். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் இருந்தார் என்றே பெரும்பாலான படங்கள் சொல்கின்றன. அந்த ஒருவர் சுசான் மாலெர்ப். 1892இல் பிறந்த ஓவியர். மார்செல் மூர் என்ற ஆண் பெயரில் வரைந்தார். 1909இல் இருவரும் நெருக்கமானார்கள். அப்போது லூசிக்கு 15 வயது நிறையவில்லை. 1917இல் லூசியின் அப்பா, கணவரை இழந்திருந்த சுசானின் அம்மாவை மணந்துகொண்டார். காதலர்கள் உலகத்தின் பார்வையில் சகோதரிகள் ஆனார்கள். இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வாழ்நாளெல்லாம் சேர்ந்து இருப்பதற்கு அதைவிட வசதியான மறைப்பு கிடைத்திருக்காது.

அந்தக் கட்டம்போட்ட கோட்டுப் படத்துக்கு ஒரு ஜோடி உண்டு. அதே சுவர், அதே கண்ணாடி. ஆனால் நிற்பது மூர். ஒருவர் எடுக்க இன்னொருவர் நின்றிருக்கிறார், பிறகு இடம் மாறியிருக்கிறார்கள். அருங்காட்சியகங்களில் முதலாவதுக்கு ‘சுய உருவப்படம்’ என்று தலைப்பு. இரண்டாவதை அதிகம் பேர் பார்த்ததே இல்லை. இந்தத் தலைப்புகளில் பெரும்பாலானவை பிற்காலத்தில் வைத்தவை. அவர்கள் தங்கள் படங்களுக்குப் பெயர் வைத்தது குறைவு. டிர்சா ட்ரூ லாட்டிமர் போன்ற கலை வரலாற்றாளர்கள் இவற்றை இருவரும் சேர்ந்து செய்த வேலையாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டிருக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. காஹூன் மூரைக் குறிப்பிட்டது ‘இன்னொரு நான்’ என்று. லூசி ஷ்வோப், மாலெர்ப் என்ற பெயர்களிலிருந்து எடுத்த எல், எஸ், எம் என்ற மூன்று எழுத்துகளை மூர் தங்கள் முத்திரையாக வரைந்தார். அந்த எழுத்துகளைப் பிரெஞ்சில் வரிசையாக உச்சரித்தால் ‘அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள்’ என்று காதில் விழும். அந்த ‘இருவரும்’ பெண்பாலில். தெரிந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு அறிவிப்பு.

அப்படியென்றால் அந்தப் படங்களில் காஹூன் பார்ப்பது நம்மை இல்லை, மூரை. கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பியது ஒரு காதலியின் பக்கம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பார்வையில் இருந்த விறைப்பு எனக்குக் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. தன் அடையாளத்தைத் தனியே உட்கார்ந்து தேடிய ஒருவரின் படங்கள் இல்லை இவை. நம்புகிற ஒருவர் எதிரில் இருந்ததால் எந்த வேஷத்தையும் போட்டுப் பார்க்க முடிந்தவரின் படங்கள்.

வெளியில் காட்டவும் எடுக்கவில்லை. பல பிரதிகள் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். மொட்டைத் தலை கோரமாக நீண்டு தெரியும்படி அச்சிட்ட ஒரு படம் 1930இல் பாரிஸ் இதழ் ஒன்றில் வந்தது. அதே ஆண்டு வெளிவந்த அவருடைய தன்வரலாறு போன்ற நூலில், இந்தப் படங்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி மூர் அமைத்த பக்கங்கள் இடம்பெற்றன; மேலே நான் சொன்ன வரிகள் அந்த நூலில் உள்ளவை. மற்றபடி இவை வீட்டுப் பெட்டிக்குள் இருந்தன. குடும்பச் சொத்து இருந்ததால் படத்தை விற்றுப் பிழைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாருடைய ரசனைக்கும் பணியாமல் இருக்க அது உதவியது.

1930களில் காஹூன், கனவையும் ஆழ்மனதையும் கலையாக்க முயன்ற சர்ரியலிஸ்டுகளோடும் இடதுசாரி எழுத்தாளர்களோடும் நெருங்கினார். சர்ரியலிஸ்டுகளின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் காஹூனின் எழுத்தை மதித்தார். கவிதையைக் கட்சிப் பிரசாரமாக்கக் கூடாது என்று காஹூன் 1934இல் ஒரு சிறுநூல் போட்டார். அந்த வட்டத்தின் ஆண் கலைஞர்கள் பெண்ணுடலை வெட்டியும் ஒட்டியும் ஆயிரம் விதமாகப் படமாக்கினார்கள். பெண் அவர்களுக்குக் கனவு, புதிர், பொம்மை. காஹூனிடமும் பொம்மை உண்டு. ஆனால் பொம்மைக்குள் இருப்பவர் கண்ணைத் திறந்து பார்க்கிறார். அந்த வித்தியாசத்தை அந்தக் காலத்தில் கவனித்தவர்கள் அதிகம் இல்லை.

1937இல் இருவரும் பாரிஸை விட்டு, பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவிலுள்ள ஜெர்சி தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். செயின்ட் பிரெலேட் கடற்கரையில், தேவாலயத்தை ஒட்டிய வீடு. ஊருக்கு அவர்கள் லூசி ஷ்வோப், சுசான் மாலெர்ப் என்ற பிரெஞ்சுச் சகோதரிகள். பூனைக்குக் கயிறு கட்டி நடக்க அழைத்துப் போகும் விசித்திரமான பெண்கள். 1940 ஜூலையில் ஜெர்மன் படை தீவைப் பிடித்தது.

அதன் பிறகு அவர்கள் செய்ததைக் கலைக்கு வெளியே நடந்த தனி வீரக்கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது அதே வேலையின் தொடர்ச்சி. ஜெர்மன் சிப்பாய் ஒருவனே எழுதுவதுபோலத் துண்டுச் சீட்டுகளைத் தட்டச்சு செய்தார்கள். கையெழுத்து: ‘பெயரற்ற சிப்பாய்’. மூருக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். தடைசெய்யப்பட்ட வானொலியில் பிபிசி கேட்டு, போரில் ஜெர்மனி எப்படித் தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதைச் சிப்பாய்களின் மொழியில் எழுதினார்கள். போர் வேண்டாம், படையை விட்டு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லும் சீட்டுகள். மெல்லிய தாளில் அடித்து, நடுத்தர வயதுப் பெண்களின் சாதாரண உடையோடு வெளியே போய், சிப்பாய்களின் கோட்டுப் பையிலும் வண்டிகளிலும் சிகரெட் பெட்டிகளிலும் செருகிவிட்டு வந்தார்கள். காஹூன் யூதர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற உத்தரவுக்கும் பணியவில்லை. இப்படியே நான்கு ஆண்டுகள் ஓட்டினார்கள். படைக்குள்ளேயே ஒரு சதிக்கூட்டம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது ஜெர்மன் காவல். இருபது ஆண்டுகள் வேஷம் போட்டுப் பழகியவர்கள் அணிந்த மிகக் கச்சிதமான வேஷம் இந்தச் சிப்பாய்தான். முகமே இல்லாத, பெயரே இல்லாத ஓர் ஆண்.

1944 ஜூலை 25 அன்று பிடிபட்டார்கள். பிடிபட்டால் விழுங்குவதற்கென்று வைத்திருந்த தூக்க மாத்திரைகளை விழுங்கினார்கள், பிழைத்துவிட்டார்கள். நவம்பர் 16 அன்று மரண தண்டனை தீர்ப்பானது. கருணை மனுவில் கையெழுத்திட மறுத்தார்கள். தீவின் நிர்வாகம் அவர்களுக்காகப் பேசியது. 1945 பிப்ரவரியில் தண்டனை குறைந்தது. மே 8 அன்று, ஜெர்சி விடுதலையாவதற்கு முந்தைய நாள், சிறையை விட்டு வெளியே வந்தார்கள். வீட்டைச் சோதனை போட்ட சிப்பாய்கள் நிறையப் படங்களை அழித்திருந்தார்கள். இன்று நம்மிடம் இருப்பது தப்பிப் பிழைத்த மிச்சம்.

அந்த மாதம் எடுத்த ஒரு படம் இருக்கிறது. காஹூன் தலையில் துணி கட்டியிருக்கிறார்; சாதாரண மழைக்கோட்டு; முகத்தில் வயது தெரிகிறது. பல்லுக்கிடையில் நாஜிக் கழுகுச் சின்னம் ஒன்றைக் கடித்துப் பிடித்திருக்கிறார். மை இல்லை, பொய் முடி இல்லை, வரைந்த இதயம் இல்லை. அந்த உலோகத் துண்டு மட்டும். கேமராவுக்குப் பின்னால் அப்போதும் மூர்தான் என்று நினைக்கிறேன்; வேறு யார் முன் அப்படி நின்றிருப்பார்?

சிறையில் கெட்ட உடம்பு தேறவில்லை. 1954 டிசம்பர் 8 அன்று காஹூன் இறந்தார். மூர் 1972இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஜெர்சியைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் பெட்டிகளை வாங்கினார். அவற்றுக்குள் இந்தப் படங்கள். பிரான்ஸில் பிரான்சுவா லெபெர்லியே பல ஆண்டுகள் தேடி 1992இல் வாழ்க்கை வரலாறு எழுதினார். அதுவரை காஹூன் என்பவர் ஓர் ஆண் எழுத்தாளர் என்று நினைத்தவர்கள்கூட இருந்தார்கள். 1995இல் பாரிஸ் நவீனக் கலை அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி வைத்தது; ஜெர்சியின் பாரம்பரிய அறக்கட்டளை அந்தச் சேகரிப்பை வாங்கியது.

காலக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கலைஞர் சிண்டி ஷெர்மன், சினிமாக் காட்சிகள் போலத் தன்னை வேஷமிட்டு எடுத்த புகழ்பெற்ற வரிசையைச் செய்தது 1977 முதல் 1980 வரை. காஹூனை அவருக்கு முன்னோடி என்று எழுதுகிறார்கள். முன்னால் வந்தவர் என்ற பொருளில் அது சரி. ஆனால் அந்த ஆண்டுகளில் காஹூனின் படங்களைப் பார்க்க ஷெர்மனுக்கு வழியே இல்லை. ஒருவர் கொடுத்து இன்னொருவர் வாங்கிக்கொண்ட மரபு இது கிடையாது. ஷெர்மன் காட்டுவது சினிமாவும் பத்திரிகையும் வார்த்துவைத்த பெண்களை. அவற்றில் ஷெர்மனைத் தேடக்கூடாது என்று அவரே சொல்லிவிடுவார். காஹூனிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வேஷத்திலும் அதே கண் இருக்கிறது. தெரிந்தே தொடர்ந்தவர் என்றால் பிரிட்டிஷ் கலைஞர் ஜில்லியன் வியரிங்கைச் சொல்லலாம். காஹூனின் முகத்தையே முகமூடியாகச் செய்து போட்டுக்கொண்டு படமெடுத்தார். இருவர் படங்களையும் 2017இல் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் சேர்த்துக் காட்டியது.

2018இல் பாரிஸ் நகராட்சி, அவர்கள் வாழ்ந்த ஆறாவது வட்டாரத்தில் ஒரு நடைபாதைக்குக் கிளாட் காஹூன் – மார்செல் மூர் என்று இருவர் பெயரையும் சேர்த்து வைத்தது. ஜெர்சியில், செயின்ட் பிரெலேட் தேவாலயத்துக் கல்லறையில், இருவருக்கும் ஒரே கல். யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரம் அதில் செதுக்கியிருக்கிறது. பெயர்கள் லூசி ஷ்வோப், சுசான் மாலெர்ப்.